தலைவர் ஓகினுமாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

பிள்ளை வளர்ப்பு என்னும் அரிய கலை உலகின் பல பகுதிகளில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. அது குறையேதுமின்றி நிறைவேறிய இடம் ஒன்றே ஒன்றுதான்: எங்கள் கூசுமி ஊரின் ஆற்றங்கரை மைதானம். இதை ஊர்ப்பற்றினால் சொல்லவில்லை. "கூசுமி கடற்பறவைகள்" சிறுவர் பேஸ்பால் அணியின் பெற்றோர் சங்கச் செயலாளர் என்ற பொறுப்பிலிருந்து சொல்கிறேன். (எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க மூன்று மலை தாண்ட வேண்டும். பெயர் வைத்த கூட்டத்தில் இதை யாரும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் பெயரைச் சொன்னவர் மனம் நொந்திருக்கும்.)

வேறு ஊர்களில் பிள்ளைகள் ஆடுவார்களாம், பெற்றவர்கள் சும்மா உட்கார்ந்து பார்ப்பார்களாம். கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட சோம்பலுக்கு எங்கள் மைதானத்தில் இடமில்லை. இங்கே ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு "முறை" உண்டு. தாய்மாருக்குத் தேநீர் முறை. தந்தையருக்கு வண்டி முறை. படம் பிடிக்க ஒரு முறை, கோடு போடச் சுண்ணாம்பு கரைக்க ஒரு முறை.

இவற்றுள் தலையாயது தேநீர் முறை. அணியின் பயிற்சியாளர் மிஸுகோஷி மாஸ்டர் காலையில் மைதானத்தில் கால் வைத்ததும் சூடான காபி, சர்க்கரை ஒன்றரைக் கரண்டி. முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் பிழிந்து சுருட்டிய வெந்நீர்த் துவாலை. மூன்றாவது முடிந்ததும் வாற்கோதுமைத் தேநீர். அதன்பின் மறுபடியும் காபி. நடுவருக்கும் எதிரணி மாஸ்டருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் இதே மரியாதை. அவர்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே கோப்பை கைக்குப் போய்விட வேண்டும். மிஸுகோஷி மாஸ்டர் எதையும் மறுத்ததில்லை. ஆட்டத்தின் நடுவே அவர் அடிக்கடி கொட்டகைக்குப் பின்னால் வேகமாகப் போய்த் திரும்புவார். வியூகம் வகுக்கப் போகிறார் என்பது எங்கள் நம்பிக்கை.

இதிலெல்லாம் கட்டாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் சங்கத்தின் முதல் விதியே, "முடிந்தவர்கள், முடிந்தபோது, முடிந்த அளவு" என்பதுதான். முடியாதவர் என்று ஒருவர் எங்கள் ஊரில் இதுவரை பிறக்கவில்லை. ஒருமுறை பிரசவ வலி கண்டு ஒரு தாயால் தன் முறைக்கு வர இயலவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீடு வீடாக ஏறி, பயறு பூரணம் வைத்த பண்டம் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். "அட, கட்டாயமில்லையே, எதுக்கு இதெல்லாம்?" என்று சொல்லி எல்லாரும் வாங்கிக்கொண்டோம்.

இத்தகைய சங்கத்துக்குத் தலைவராக வாய்த்தவர் திரு ஓகினுமா தாதாமிச்சி. ஊராட்சி அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவு. மகன் ஷூஹெய் ஒன்றாம் வகுப்பில் அணியில் சேர்ந்த நாள் முதலாக வண்டி முறையைத் தனியாளாகத் தாங்கியவர். ஓய்வு கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், "பிள்ளைக்காகச் செய்யுறது எப்படிங்க பாரமாகும்?" என்பார்.

எங்கள் வண்டி நிறுத்துமிடம் ஆற்றுக்கரை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மைதானம் இந்தப் பக்கம். வெள்ளைக் கையுறையும் சிவப்பு விளக்குக் கோலுமாகத் தலைவர் அங்கே நிற்பார். யார் முதலில் கிளம்புவார், யார் கடைசி என்று யோசித்து வண்டிகளை மூன்று வரிசையாக, இடையில் பூனை போக இடமில்லாமல் நிறுத்திவைப்பார். கரைமேட்டை ஒட்டிய ஆபத்தான இடத்தில் தம்முடைய வண்டியைத்தான் விடுவார். தலைவர் அல்லவா? இத்தனை காலத்தில் ஒரு வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

கரைமேட்டால் மைதானம் தெரியாது. அதனால் என்ன? சத்தம் கேட்கும். மட்டையில் பந்து படும் ஓசையை வைத்தே, "இது இடப்பக்கம் உருண்டிருக்கு" என்று கோலை ஆட்டியபடி சொல்வார். தவறியதே இல்லை. மகன் ஆடும் மைதானத்துக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு காலம் நின்ற தந்தை எங்கள் மாவட்டத்திலேயே கிடையாது.

ஷூஹெய் பெரும்பாலும் ஓரத்துப் பலகையில் உட்கார்ந்திருப்பான். மற்றவர்களின் மட்டைகளை அடுக்கிவைப்பான். அதில் அப்பா கை அப்படியே வந்திருந்தது.

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த சங்கத்துக்குள் போன வசந்தத்தில் திருமதி ஷிராஹாமா தோமோகோ வந்து சேர்ந்தார். சரக்கு லாரி ஓட்டுகிறவர். தனியாக மகளை வளர்ப்பவர். மகள் நாகிசா எங்கள் அணியின் பந்து வீச்சாளர், அதுவும் நல்ல வீச்சாளர். தாயும் வீசுவார் என்பது அணியின் பிரிவு உபசார ஆட்டத்துக்கு முந்திய கூட்டத்தில்தான் தெரிந்தது.

ஊர்ப் பொதுமன்றத்தில் கூடியிருந்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அணியைவிட்டுப் போகும் ஆட்டம். அன்று ஆறாம் வகுப்பார் எல்லாருக்கும் ஒருதரமாவது மட்டை கொடுப்பது வழக்கம். அதைப் பற்றி ஒரு நிமிஷம் பேசினோம். பிறகு எதிரணி மாஸ்டரின் இரண்டாவது காபி எந்த இன்னிங்ஸில் என்ற முக்கியப் பொருளுக்கு வந்தோம். தேநீர் முறைத் தலைவி திருமதி இகாராஷி எழுந்து, "போன வருஷம் நாலாவது முடிஞ்சு கொடுத்தோம். கோப்பையில பாதி மீதி வெச்சுட்டாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல," என்றார்.

எல்லாரும் "உச்" கொட்டினோம்.

அப்போதுதான் ஷிராஹாமா கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம். அவரு காபி வேணும்னு கேட்டாரா?"

நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினேன்.

"கேக்க வைக்கலாமா, ஷிராஹாமா-சான்?" என்றார் இகாராஷி, மரியாதைக்குச் 'சான்' சேர்த்து, ஆனால் குழந்தைக்குச் சொல்வதுபோல. "வாயைத் திறந்து கேக்குற நிலைமைக்கு ஒரு மனுஷர விட்டுட்டா அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?"

"நம்ம மாஸ்டர் வீட்லேர்ந்து ஒரு பிளாஸ்க் கொண்டு வந்தா என்ன?"

"மாஸ்டரா? பிளாஸ்கா?"

"கையில தூக்கிக்கிட்டா?" என்றார் இன்னொரு தாய், நெஞ்சில் கை வைத்து.

"இல்லீங்க, நான் வாரம் முழுக்க லாரியில கிடக்குறேன். என் பொண்ணு ஆடுறத ஞாயித்துக்கிழமைதான் பாக்க முடியும். ஊத்திக்கிட்டே இருந்தா எப்பப் பாக்குறது?"

இகாராஷி புரியாமல் விழித்தார். வேண்டுமென்று அல்ல. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "பாக்குறதா? எத?"

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாக்கக் கூடாதுன்னு விதியே கிடையாது. கட்டாயம் இல்லங்கறதுதான் நம்ம சங்கத்தோட உயிர். ஆனா யோசிச்சுப் பாருங்க. எல்லாரும் பாக்க ஆரம்பிச்சுட்டா ஆட்டத்த யாரு நடத்துறது?"

"பிள்ளைங்க நடத்த மாட்டாங்களா?"

"புதுசு, பாவம்," என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

திருமதி ஷிராஹாமாவின் கருத்து "மிகுந்த நன்றியுடன் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். எங்கள் ஊரில் ஒரு யோசனையை இதைவிட ஆழமாகப் புதைக்க முடியாது. மேலும், அவர் தனித்து நிற்பதாக உணரக் கூடாதே என்ற அக்கறையில் பிரிவு உபசார ஆட்டத்தின் தேநீர் முறை அவருக்கே கொடுக்கப்பட்டது.

கூட்டம் முடிந்து வாசலில் குனிந்து செருப்புக்குள் கால் நுழைத்துக்கொண்டிருந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் ஷூஹெய்யின் குரல் கேட்டது. அப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்தான்.

"அப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை வருவியா?"

"இது என்னடா கேள்வி? நான் வராத ஞாயித்துக்கிழமை உண்டா?"

"அது இல்லப்பா. கரைக்கு இந்தப் பக்கம்."

"இந்தப் பக்கமா?"

"கடைசி இன்னிங்ஸ்ல எனக்கு மட்டை தர்றேன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. ஒரே ஒரு தடவைதான். அப்புறம் நான் இந்த அணியில இல்ல."

"வண்டி..."

"வண்டி எங்கயும் ஓடிப்போகாதுப்பா."

தலைவர் சொன்னார்: "சரி. கடைசி இன்னிங்ஸ். கோலை வேற யார்கிட்டயாவது கொடுத்துட்டு வந்துடுறேன்."

"நிஜமா?"

"தலைவர் சொன்னா சொன்னதுடா."

ஒரு மகனுக்காகச் சங்கக் கடமையிலிருந்து அரை இன்னிங்ஸ் விலகத் துணிந்த அந்தத் தியாகம் என்னை உருக்கியது. செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

ஞாயிறு வந்தது. மலையிலிருந்து காற்று கத்தியாக இறங்கியது. ஷிராஹாமா காலையிலேயே வந்து, சொன்னபடி எல்லாம் ஊற்றினார், துவாலை சுருட்டினார், ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஆவலாய் இருந்த எங்களுக்கு அது சற்று வருத்தமாகவும் இருந்தது. சிக்கல் வெளியிலிருந்து வந்தது. எதிரணி மாஸ்டர் வழக்கமான இரண்டு உதவியாளருக்குப் பதிலாக நான்கு பேரைக் கூட்டிவந்துவிட்டார். நான்கு பேரும் காபியில் பால் பொடி கொட்டிக் குடிப்பவர்கள்.

கடைசி இன்னிங்ஸ். கடற்பறவைகள் ஒரு ஓட்டம் பின்தங்கி இருந்தன. எங்கள் பக்கம் மட்டை பிடிக்கும் நேரம், நாகிசா ஓட்டத்துக்குப் பாதி வழியில், இரண்டாவது தளத்தில் காலை ஊன்றி நிற்கிறாள். இரண்டு பேர் ஏற்கெனவே ஆட்டமிழந்தாயிற்று; மூன்றாமவரும் இழந்தால் ஆட்டம் முடிந்தது. மிஸுகோஷி மாஸ்டர் ஷூஹெய்யின் தோளைத் தட்டி அனுப்பிவிட்டு, வியூகம் வகுக்கக் கொட்டகைக்குப் பின்னால் விரைந்தார்.

அப்போது கரைமேட்டின் உச்சியில் ஒரு தலை முளைத்தது. பிறகு தோள். பிறகு வெள்ளைக் கையுறை. தலைவர் ஓகினுமா! சொன்ன சொல் தவறாமல், படம் பிடிக்கும் முறையிலிருந்த தந்தையைக் கூப்பிட்டு அவரிடம் கோலைக் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறி நின்றார். மட்டையோடு நடந்துகொண்டிருந்த ஷூஹெய் நிமிர்ந்து பார்த்தான். தலையை லேசாக அசைத்தான். தலைவரும் அசைத்தார்.

அதே கணத்தில் தேநீர் மேசையில், "பால் பொடி தீர்ந்துடுச்சு!" என்று இகாராஷி அலறாத குறையாகச் சொன்னார். "எதிரணி மாஸ்டரோட ரெண்டாவது காபி!"

"கறுப்பாவே குடிக்கட்டுமே," என்றார் ஷிராஹாமா. "ஆளு செத்தா போயிடுவாரு?"

இகாராஷி காலிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். அந்தப் பெண்மணியோடு பேசிப் பயனில்லை என்று கண்டு கரைமேட்டை நோக்கி ஓடினார். நாங்கள் தாய்மார் எல்லாரும் எங்கள் கைப்பைகளுக்குள் தலையை விட்டுத் தேட ஆரம்பித்தோம்.

ஷிராஹாமா என்ன செய்தார் தெரியுமா? ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, மடியிலிருந்து சோற்றுருண்டை ஒன்றைப் பிரித்துக் கடித்தபடி, மைதானத்தைப் பார்த்தார். முறையில் இருக்கும்போது! எல்லார் எதிரிலும்! ஆட்டத்தை!

மேட்டின் உச்சியில் இகாராஷி தலைவரிடம் சொல்வதைக் காற்று எங்களுக்குக் கொண்டு வந்தது.

"தலைவரே, பால் பொடி..."

"இப்பவா?"

"விருந்தாளிங்க, தலைவரே."

தலைவர் மைதானத்தைப் பார்த்தார். எதிரணி மாஸ்டரின் கோப்பையைப் பார்த்தார். நம் நாட்டின் வரலாற்றில் பெரிய முடிவுகள் எல்லாம் இத்தகைய மேடுகளில் நின்றுதான் எடுக்கப்பட்டிருக்கின்றன. அவர் திரும்பி இறங்கினார். வண்டியை எடுக்க முடியாது. அவர் நிறுத்திய ஒழுங்கில் கடைசி ஆள் கிளம்பும்வரை அவருடைய வண்டி நகராது. ஆகவே பாலத்தடிக் கடைவரை கையுறையோடு ஓடினார்.

அடுத்து நடந்ததை ஷிராஹாமா சொல்லித்தான் நான் அறிவேன். எங்கள் தரப்புப் பெரியவர்களில் வேறு யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள்தான். ஆனால் அவர்கள் சங்க உறுப்பினர் அல்லர்.

"மொத பந்த விட்டுட்டான்," என்றார் ஷிராஹாமா. "அப்புறம் மேட்டத் திரும்பிப் பாத்தான். யாருமில்ல. ரெண்டாவது பந்து சும்மா காத்துல வீசினான். மறுபடியும் மேட்டப் பாத்தான். எனக்குப் பொறுக்கல. 'டேய் ஷூஹெய், நான் பாக்குறேன்டா! அடி!'ன்னு கத்திட்டேன், வாய் நெறய சோத்தோட. மூணாவதையும் விட்டா ஆட்டமே முடிஞ்சுது. அந்தப் பந்துக்குக் கண்ண இறுக்கி மூடிக்கிட்டான். மூடிக்கிட்டே சுத்தினான் பாருங்க!"

ஆக, அடித்தவனே பார்க்காத அடி. பந்து எழும்பி, காற்றில் ஏறி, வலப்பக்கக் கயிற்றைத் தாண்டி, கரைமேட்டையும் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. நாகிசாவும் அவனும் சேர்ந்து இரண்டு ஓட்டம், எங்கள் அணி ஜெயித்தது. ஷூஹெய் தளங்களைச் சுற்றி ஓடிவந்தபோது பிள்ளைகள் அவன்மேல் விழுந்து புரண்டார்கள். இரைச்சல் தாங்காமல் நாங்கள் கைப்பையிலிருந்து தலையை எடுத்து, "சின்னப் பிள்ளைங்களா, விருந்தாளிங்க இருக்காங்க, மெதுவா!" என்றோம்.

அரைமணி கழித்துத் தலைவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நேராக எதிரணி மாஸ்டரிடம் போய், இரு கையாலும் பால் பொடியை நீட்டினார்.

"ஐயய்யோ, உங்களுக்குத் தொந்தரவு. ரொம்ப நன்றி," என்று அவர் குனிந்து வாங்கினார். "நான் பால் போட்டுக்கறதில்லீங்க."

"அடுத்த வருஷத்துக்கு ஞாபகம் வெச்சுக்குறோம்," என்றார் இகாராஷி, கண் கலங்க.

உடம்பெல்லாம் மண்ணோடு ஷூஹெய் ஓடிவந்தான். "அப்பா! பாத்தியா?"

"பாத்தேன். இப்பத்தான் நம்ம வண்டியத் தாண்டி வந்தேன்," என்றார் தலைவர். முகம் வெளுத்திருந்தது. "முன்கண்ணாடி முழுக்கப் பிளந்து கிடக்கு. யாரு அடிச்சது?"

"நான்தாம்பா!" என்றான் அவன், முகமெல்லாம் சிரிப்பாக.

ஆறு ஆண்டுகளின் கீறலற்ற பெருமை அந்தக் கணத்தில் முடிந்தது. வேறொருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். தலைவர் தொப்பியைக் கழற்றினார். இடது கையால் மகனின் பின்தலையைப் பிடித்து அழுத்தி, தாமும் இடுப்புவரை வளைந்தார். "என் பையனால சங்கத்துக்கு ஏற்பட்ட தொந்தரவுக்கு எல்லாரும் பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்."

எதிரணிக்கு ஒருதரம், நடுவருக்கு ஒருதரம், தாய்மாருக்கு ஒருதரம், தந்தையருக்கு ஒருதரம். ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த தலை ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிக் குனிந்தது. நாங்களும் பதிலுக்குக் குனிந்தோம். மைதானம் முழுக்கக் குனிந்த முதுகுகளுக்கு நடுவே ஷிராஹாமா ஒருத்தர் மட்டும் நிமிர்ந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். நாகரிகம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

"கண்ணாடிய மாத்தாதப்பா," என்று கிளம்பும்போது ஷூஹெய் கெஞ்சியது என் காதில் விழுந்தது. "கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்."

"ஊரு என்னடா சொல்லும்?"

மறுநாள் காலையிலேயே மாற்றிவிட்டார்.

படத்தில் பதிந்திருக்குமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆளில்லாத கேமரா அதன்பாட்டுக்குத் தேநீர் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. படத்தில் தெரிவது பிளாஸ்க்கும் என் கைப்பையும். ஆனால் ஒலி தெளிவாக இருந்தது. பொதுமன்றத்தில் போட்டுக் காட்டினோம். "டொக்." கொஞ்சம் மௌனம். பிறகு தொலைவில் கண்ணாடி சிதறும் சத்தம். தலைவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"நல்ல அடிடா," என்றார் மகனிடம். "வலப்பக்கம் போயிருக்கு."

அவர் கேட்டுச் சொன்னால் தவறாது என்று நான் முன்பே எழுதியிருக்கிறேன்.

பிரிவு உபசார விழாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோருக்கு நன்றி சொல்வது மரபு. ஷூஹெய் விறைப்பாக நின்று சொன்னான்: "அப்பாவுக்கு நன்றி. ஆறு வருஷமா எல்லார் வண்டியையும் பத்திரமா பாத்துக்கிட்டாரு. ஷிராஹாமா-சானுக்கும் நன்றி. அவங்க என்னப் பாத்தாங்க."

கூடத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பல தாய்மார் கைக்குட்டையை எடுத்தார்கள். வண்டி முறைக்கு இப்படியொரு அங்கீகாரம் எங்கள் சங்கத்தில் இதற்குமுன் கிடைத்ததில்லை.

சங்கம் தன்னைத் திருத்திக்கொள்ளத் தயங்காது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஆண்டிறுதிக் கூட்டத்தில் ஷிராஹாமா எழுந்து, "காபி, வண்டி எல்லாம் இருக்கட்டும். யாராவது ஒருத்தராவது ஆட்டத்தப் பாருங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது," என்றார். வழக்கம்போல நன்றியுடன் பெற்றுக்கொள்ளப் பேனாவைத் திறந்தேன். ஆனால் தலைவர் கையமர்த்தினார். "நியாயம்தான்," என்றார். "ஏற்பாடு பண்ணிடலாம்."

அன்றே "ஆட்டம் பார்க்கும் முறை" ஒருமனதாக நிறைவேறியது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெற்றோர் சங்கத்தின் சார்பில் ஆட்டத்தைப் பார்ப்பார். கையில் மஞ்சள் பட்டை கட்டியிருப்பார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவாகக் கைதட்டுவார். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதால், சொந்தப் பிள்ளை ஆடும் நாளில் அந்தப் பெற்றோருக்கு இந்த முறை தரப்பட மாட்டாது. "அப்ப நான் என் பொண்ண எப்பத்தான் பாக்குறது?" என்று ஷிராஹாமா கேட்டார். தேநீர் ஊற்றும்போது அப்படியே ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை என்று இகாராஷி பெருந்தன்மையோடு விளக்கினார்.

பாரபட்சமற்ற பெற்றோரை எங்கே தேடுவது என்ற கேள்வி எழுந்தது. விடை எங்கள் எதிரிலேயே அமர்ந்திருந்தது. மகன் ஏப்ரலில் நடுநிலைப் பள்ளிக்குப் போகவிருந்ததால் திரு ஓகினுமா தலைவர் பதவியை விட்டு ஆலோசகராக ஆகவிருந்தார். இனி அணியில் அவருக்கென்று ஒரு பிள்ளை இல்லை. அவரைவிடத் தகுதியானவர் யார்?

ஏப்ரலில் முதல் ஆட்டம். செர்ரிப்பூ கொட்டிக்கொண்டிருந்தது. கரைக்கு இந்தப் பக்கம் மஞ்சள் பட்டையோடு நாற்காலி நுனியில் முதுகு வளையாமல் அமர்ந்திருந்தார் ஓகினுமா. ஒரு பந்தைத் தவறவிடவில்லை. இமைக்கிறாரா என்றே சந்தேகமாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ பந்தைப் பிடித்தால் கைதட்டினார். யார் வீட்டுப் பிள்ளையோ தவறவிட்டாலும் அதே அளவு கைதட்டினார்.

ஷிராஹாமா தேநீரோடு அவர் பக்கம் போனார். நானும் துவாலையோடு பின்னால் போனேன்.

"ஓகினுமா-சான், இன்னைக்குப் பெரிய பள்ளிக்கூட மைதானத்துல உங்க பையனுக்கு மொத ஆட்டமாமே. நாகிசா சொன்னா. பாலத்துக்கு அந்தாண்டதான். மஞ்சப் பட்டைய இங்க குடுங்க, நான் கட்டிக்குறேன். இப்பக் கிளம்பினாப் பாதி ஆட்டத்தப் புடிச்சுடலாம்."

"தெரியுங்க," என்றார் அவர். கோப்பையை வாங்கும்போதும் கண் மைதானத்தைவிட்டு நகரவில்லை. "ஆனா இன்னைக்கு என் முறை. பிள்ளைங்க ஆடுறப்ப, பெத்தவங்கள்ல யாராவது ஒருத்தர் கண்ணால பாக்க வேண்டாமா?"